தொட்டும் தொடாமலும்

பழைய காரில் ஹெட்லைட் மங்கினால் முதல் பழி பேட்டரி மீது விழும். பேட்டரியை மாற்றியும் வெளிச்சம் கூடவில்லை என்றால் பல்பு, பல்பும் புதிது என்றால் டைனமோ. எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் விளக்கு மஞ்சளாகவே எரிந்தால், கடைசியில் அந்தக் காருக்கு மின்சாமான்கள் செய்துகொடுத்த கம்பெனியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். பிரிட்டிஷ் கார்களைப் பொறுத்தவரை அந்தக் கூண்டில் நிரந்தரமாக நிற்பது பர்மிங்ஹாமின் லூகாஸ் நிறுவனம். அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசர்’ என்று பட்டம் கட்டிச் சிரிப்பது பழைய கார் பிரியர்களின் நெடுநாள் வழக்கம். கிடைக்கிற சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தீர்ப்பு வேறு மாதிரி வரும். கோளாறு பெரும்பாலும் வயரும் வயரும் சேருகிற சின்னஞ்சிறு இணைப்புகளில்தான் இருக்கிறது. அந்த இணைப்பை உயிரோடு வைத்திருப்பது அதன் பளபளப்பைவிட, இரண்டு உலோகங்களையும் ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருக்கும் விசைதான். அந்த விசையை மீட்டுத் தராத எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

வாதத்தைச் சோதிக்க மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இங்கிலாந்தில் மட்டுமல்ல, இலங்கைச் சாலைகளிலும் இன்றும் ஓடுகிறது. பேட்டரியில் கிளம்பும் மின்னோட்டம் இதில் ஹெட்லைட்டைச் சென்றடையும் பாதையைப் பின்தொடர்ந்தால் வியப்பாக இருக்கும். ஸ்டார்ட்டர் சொலினாய்டின் முனை, டைனமோவைக் கட்டுப்படுத்தும் பெட்டி, டாஷ்போர்டில் லைட் சுவிட்ச், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச், பிறகு முன்பக்கம் வயர்கள் பிரியும் இடத்தில் புல்லட் கனெக்டர்கள், விளக்கின் பின்னால் ஹோல்டர். அதோடு முடியவில்லை. வந்த மின்சாரம் திரும்பிப் போக வேண்டும். அதற்குத் தனி வயர் கிடையாது. கறுப்பு வயர் ஒன்று பக்கத்துத் தகட்டில் ஸ்க்ரூ வைத்து இறுக்கப்பட்டிருக்கும், அங்கிருந்து காரின் உடம்பே வயராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிச் சேர்க்கும். மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்று சொல்லும் பாதி இதுதான். போக வர எண்ணினால், ஒரு உலோகம் இன்னொன்றைத் தொட்டு மின்சாரத்தைக் கைமாற்றும் இடங்கள் ஒரு டஜனைத் தாண்டிவிடும்.

அந்த இடங்களில் அதிகம் கைவிடுவது புல்லட் கனெக்டர். வயரின் நுனியில் தோட்டா வடிவில் ஒரு பித்தளை முனை இருக்கும், அதன் விட்டம் 4.7 மில்லிமீட்டர். இப்படி இரண்டு முனைகளை இருபுறமிருந்தும் ஸ்லீவ் எனப்படும் ஒரு குட்டிக் குழலுக்குள் தள்ளுவார்கள். குழல் நீளவாக்கில் பிளந்திருப்பதால் முனை நுழையும்போது கொஞ்சம் விரிந்துகொடுத்து, பிறகு சுருங்கப் பார்த்து முனையைக் கவ்வும். வெளியே கறுப்பு ரப்பர் உறை. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு, சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு என்று லூகாஸின் நிறக்கணக்கு இருக்கிறது. வருடக்கணக்கில் கழற்றாத ஒரு ஸ்லீவைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை முனை முழுக்கக் காப்பி நிறத்தில் கருத்திருக்கும், ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஆனால் இணைப்பு நல்ல நிலையில் இருந்ததென்றால், அந்தக் கருப்புக்கு நடுவே குழல் கவ்விய இடத்தில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒன்றிரண்டு கோடுகள் பளிச்சென்று இருக்கும். மின்சாரம் போனது அந்தக் கோடுகளின் வழியாகத்தான். முனை முழுவதும் கருத்திருந்தும் விளக்கு எரிந்தது என்பதே நம் முதல் சான்று.

அந்த மெல்லிய கோடே மிகைதான். உண்மையான தொடுபரப்பு அதிலும் ஒரு சிறு பகுதி. எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் உலோகத்தின் மேற்பரப்பு நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தெரியும். இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் பௌடனும் டேவிட் டேபரும் 1939இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை அளந்து காட்டினார்கள். தொடும் பரப்பைக் கணக்கிட அவர்கள் நாடியதும் மின்கடத்தலைத்தான். ஸ்வீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோல்ம் பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்திலும் பிறகு அமெரிக்காவிலும் இருந்தபடி இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டவர். மேட்டின் உச்சி அழுத்தத்தில் நசுங்கி, உலோகத்தின் கடினத்தன்மை தாங்கும் அளவுக்கு அகன்றதும் நின்றுவிடுகிறது. ஆகவே உண்மைத் தொடுபரப்பைக் காண, அழுத்தும் விசையைக் கடினத்தன்மையால் வகுத்தால் போதும். ஸ்லீவ் புல்லட்டை 10 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் அளவுக்கு, அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். பித்தளையின் கடினத்தன்மை சுமார் 1 கிகாபாஸ்கல். வகுத்தால் வருவது ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தொடுவதுபோலத் தெரியும் பரப்போ சுமார் 70 சதுர மில்லிமீட்டர். ஏழாயிரத்தில் ஒரு பங்குதான் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தச் சூத்திரத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று கவனிக்க வேண்டும். விசை இருக்கிறது, கடினத்தன்மை இருக்கிறது. கனெக்டரின் அளவு இல்லை, பரப்பின் மினுமினுப்பும் இல்லை. தொடும் உச்சிகளான பத்துப் பதினைந்து குட்டித் தீவுகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு மின்னோட்டம் போவதால் ஒரு தடை உண்டாகிறது. ஒரே ஒரு தீவு என்று எடுத்துக்கொண்டால், உலோகத்தின் தடைத்திறனைத் தீவின் விட்டத்தால் வகுத்தால் அந்தத் தடை கிடைக்கும். பித்தளையில் 10 மைக்ரான் ஆரமுள்ள தீவுக்கு அது சுமார் 3 மில்லிஓம், தீவின் ஆரம் 1 மைக்ரானாகச் சுருங்கினால் 30 மில்லிஓமைத் தாண்டும். அழுத்தும் விசை நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், உலோகம் சுத்தமாகவே இருந்தாலும் தடை இரட்டிக்கும். உலோகத்தின் மேல் ஆக்சைடு படலமும் படர்ந்திருந்தால் கதை இன்னும் மோசம். இறுக்கமாக அழுந்திய மேடு படலத்தை உடைத்துக்கொண்டு உலோகத்தைத் தொடும், தளர்ந்த மேடு படலத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

படலத்தை உடைப்பதற்கு உதவத்தான் நல்ல கனெக்டர்களின் பித்தளைமேல் வெள்ளீயம் பூசுகிறார்கள். புளி ஊற்றிச் சமைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் ஈயம் பூசி வாங்கியதும் இதே உலோகத்தைத்தான், அங்கேயும் பித்தளையைக் களிம்பிலிருந்து காப்பதே நோக்கம். கனெக்டரில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. வெள்ளீயம் பித்தளையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மென்மையானது, அதனால் அதே விசையில் தீவுகள் பெரிதாகும். வெள்ளீயத்தின் மேலும் காற்றுப் பட்டதும் ஆக்சைடு உண்டாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆக்சைடு மெல்லியது, கடினமானது, நொறுங்கக்கூடியது, அதற்குக் கீழே இருக்கும் உலோகமோ மெத்தென்றது. அழுத்தும்போது மேல்தோடு விரிசல்விட, புது வெள்ளீயம் அந்த விரிசல் வழியே பிதுங்கி எதிர்ப்பரப்பைத் தொட்டுவிடும். அப்படித் தொட்ட இடத்தில் விசை குறையாமல் இருக்கும்வரை காற்று நுழைய வழியில்லை, அந்த இடம் துருப்பிடிக்காது. கருத்த முனையில் நாம் பார்த்த பளிச்சென்ற கோட்டுக்கு விளக்கம் இதுதான்.

பிறகு ஏன் கெடுகிறது? இரண்டு காரணங்கள் கைகோத்து வேலை செய்கின்றன. முதலாவது நுண்ணசைவு. எஞ்சின் அதிர்கிறது, வயர் ஆடுகிறது, காலையில் குளிர்ந்திருந்த இணைப்பு மதியம் சூடாகிறது. எஃகும் பித்தளையும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. 10 மில்லிமீட்டர் நீளத்தில் 50 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு இரண்டுக்கும் 3 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் வரும். கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத அந்த அசைவு, ஒரு தீவை அதன் இடத்திலிருந்து நகர்த்தப் போதுமானது. நகர்ந்ததும் திறந்துகொண்ட புது உலோகம் காற்றுபட்டு ஆக்சைடாகும், திரும்ப நகரும்போது அந்த ஆக்சைடு சுரண்டப்பட்டுத் தூளாகும், மறுபடி புது உலோகம் திறக்கும். ஆயிரக்கணக்கான முறை நடந்த பிறகு இரண்டு உலோகத்துக்கும் நடுவே கறுப்புத் தூள் மெத்தையே உருவாகிவிடும். இரண்டாவது காரணம் கவ்வும் குழலின் தளர்ச்சி. நீண்ட நாள் விறைத்தே இருக்கும் பித்தளை, அதிலும் சூட்டில் இருக்கும் பித்தளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் விறைப்பை இழக்கும். பாஸ்பர் வெண்கலம் இதை நன்றாகவே தாங்கும், பெரிலியம் கலந்த செம்பு இன்னும் மேல். சாதாரணப் பித்தளைக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. விசை தளர்ந்தால் அசைவு கூடும், அசைவு கூடினால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு விசையை மேலும் தளர்த்தும். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது.

சூடு என்பது இங்கே அலங்காரச் சொல் இல்லை. வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும், இரண்டுக்கும் நிலையான விகிதம் உண்டு என்பதை வீடமானும் ஃபிரான்ஸும் 1853இலேயே கண்டுவிட்டார்கள். இதைத் தொடுதீவுக்குப் பொருத்தினால் ஓர் எளிய முடிவு கிடைக்கிறது. தீவின் நடுவே வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பது, அந்தத் தீவின் இருபுறமும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை மட்டுமே சார்ந்தது. எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, தீவு எவ்வளவு பெரியது என்ற கேள்விகளே எழுவதில்லை. ஆக்சைடு குறுக்கிடாத சுத்தமான உலோகத் தொடுகைக்குக் கணக்குப் போட்டால், 0.1 வோல்ட் இழப்பில் தீவின் வெப்பநிலை 160 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. 0.13 வோல்ட்டில் வெள்ளீயத்தின் உருகுநிலையான 232 டிகிரியை எட்டிவிடுகிறது. கனெக்டரை வெளியே தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக மட்டுமே இருக்கலாம், உள்ளே சில மைக்ரான் அகலத்தில் உலோகம் இளகிக்கொண்டிருக்கும். நல்ல இணைப்பு ஒன்றில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது என்று வொர்க்‌ஷாப்களில் சொல்லும் விதி அனுபவத்தில் பிறந்ததாக இருக்கலாம். அதற்கு ஆதாரம் இயற்பியலிலேயே இருக்கிறது.

இழப்புகள் ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் அவை கூடும். பத்து இணைப்புகளில் ஆளுக்கு 0.1 வோல்ட் என்றால் 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போயிற்று. இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறையாது, சுமார் 3.4 மடியில் சரியும். 12 வோல்ட் 11 ஆனால் வெளிச்சத்தில் கால் பங்கு காணாமல் போகும், 10.5 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பேட்டரியையும் பல்பையும் மாற்றியும் விளக்கு மங்கலாகவே எரிவதற்கு இந்தக் கணக்கே போதும். மங்கல் தொல்லைதான், ஆபத்து என்பது அதற்கடுத்த படி. 60 வாட் விளக்குகள் இரண்டு பிரைட்டில் எரியும்போது சுமார் 10 ஆம்பியர் ஓடும். அத்தனையும் சேர்ந்து போகும் ஓர் இணைப்பில் தடை 0.05 ஓம் ஆகிவிட்டால், விரல்கணு அளவுள்ள ரப்பர் உறைக்குள் 5 வாட் வெப்பம் வெளிப்படும். மைனரின் ஃபியூஸ் பெட்டியில் வேலை செய்யும் ஃபியூஸ்கள் இரண்டே இரண்டு, ஹெட்லைட்டுக்கென்று எதுவுமில்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. ஃபியூஸ் எரிவது மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது, கெட்ட இணைப்போ மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் செய்கிறது.

எந்த இணைப்பு கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்வது, அது ஏமாற்றும். அந்த நிலையில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்கோ அதற்கும் கீழோதான். ஒரே ஒரு தீவு மிச்சமிருந்தாலும் அது தாராளமாகப் போய்விடும். போதாததற்கு, நாம் தேடும் 0.05 ஓம், மீட்டரின் வயர்களுக்கே உள்ள தடையைவிடச் சிறியது. டெஸ்ட் லாம்ப்பும் அப்படித்தான், அது இழுக்கும் சொற்ப மின்னோட்டத்துக்கு மோசமான இணைப்பும் வழிவிடும். நம்பக்கூடிய சாட்சி ஒன்றே: விளக்கை எரியவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இணைப்பின் இருபுறமும் முனைகளை வைத்து அளப்பது. முதலில் பேட்டரி முனைக்கும் விளக்கின் முனைக்கும் நடுவே மொத்த இழப்பைப் பார்க்கலாம், பிறகு பாதையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் குற்றவாளி சீக்கிரம் சிக்கும். எர்த் பக்கத்தையும் இதேபோல் தனியாக அளக்க வேண்டும், விளக்கின் உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே. பெரும்பாலான மைனர்களில் உடம்போடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை, ஆகவே மீட்டர் மைனஸ் குறி காட்டினால் குழம்ப வேண்டியதில்லை. எர்த் ஸ்க்ரூவும் ஒரு கனெக்டர்தான் என்பதை மறப்பவர்கள் பாதிப் பாதையைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும். எமரி பேப்பரால் தேய்த்தாலே விளக்கு பளிச்சென்று எரிகிறதே, கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்வதா? எரிகிறது, சந்தேகமில்லை. ஆனால் தேய்க்காமல் வெறுமனே கழற்றித் திரும்ப மாட்டினாலும் பல சமயம் அதே அளவு எரிகிறது. இரண்டு வழியிலும் ஒரே பலன் கிடைக்கிறது என்றால், பலனுக்குக் காரணம் இரண்டுக்கும் பொதுவானதாகத்தான் இருக்க வேண்டும். முனை உள்ளே வழுக்கி நுழையும்போது தூளை ஒதுக்கித் தள்ளிப் புது இடங்களில் புதுத் தீவுகளை உண்டாக்குவதுதான் அந்தப் பொதுக் காரணம். தேய்ப்பதில் கூடுதலாக நடப்பது நன்மை இல்லை. வெள்ளீயப் பூச்சு போய்விடுகிறது, எமரியின் கடினத் துகள்கள் பித்தளையில் பதிந்து மின்சாரம் புகாத புள்ளிகளாக நிற்கின்றன, முனையும் ஒரு மயிரிழை சிறுத்து ஸ்லீவின் பிடி மேலும் தளர்கிறது. அடுத்த முறை கோளாறு இன்னும் சீக்கிரம் வரும், அப்போதும் கை எமரியையே தேடும். பிளையரால் ஸ்லீவை நசுக்கி இறுக்குவது விசையைக் குறிவைக்கும் வேலை என்பதால் எமரியைவிட மேல். ஆனால் விறைப்பை இழந்த பித்தளையை வளைத்தால் வளைந்தபடி கிடக்குமே தவிர, மறுபடி வில்போல் கவ்வாது. வீடு போய்ச்சேர உதவும், அவ்வளவுதான்.

சரியான பழுதுபார்ப்பு என்றால் விசை, வெள்ளீயம், காற்றுத் தடுப்பு மூன்றையும் ஒருசேர மீட்பது. ஸ்லீவ் மலிவான பொருள், லூகாஸ் அளவிலேயே இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், அதை மாற்றிவிட வேண்டும். புது ஸ்லீவுக்குள் புல்லட் விரல் பலத்துக்கு எளிதில் அடங்காமல் முரண்டுபிடிப்பதே நல்ல அறிகுறி. பழைய புல்லட்டை வெட்டிவிட்டு வயரின் தோலை உரித்தால் உள்ளே செம்புச் சரங்கள் பெரும்பாலும் கருத்திருக்கும். பிரகாசமான செம்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். வயர் குட்டையாகிவிட்டால் அதே நிறம், அதே தடிமனில் ஒட்டு கொடுக்கலாம். 0.30 மில்லிமீட்டர் சரங்கள் 28 கொண்ட வயர் இருந்த இடத்தில் 14 சரங்கள் கொண்டதைப் போட்டால் புதுக் கோளாறை நாமே விதைத்ததாகும். புது புல்லட்டை அதற்குரிய கருவியால் கிரிம்ப் செய்யலாம் அல்லது ஈயப்பற்று வைக்கலாம். பற்றவைப்பதானால் சரங்கள் முனையின் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும்படி நுழைத்து, நுனியில் மட்டும் உருக்கி ஊற்றி, மிஞ்சியதை வெட்டி மழுங்கவிட வேண்டும். ஆசிட் கலந்த ஃபிளக்ஸ் கூடாது, ரோசின் ஃபிளக்ஸ் போதும். எர்த் ஸ்க்ரூவின் கீழே பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரியச் செய்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, பிறகு மேலே கிரீஸ் பூச வேண்டும். சுரண்டுவதற்கு நியாயமான இடம் இது ஒன்றுதான். பெயின்ட்டை எந்த விசையும் உடைக்காது.

கனெக்டரே வேண்டாம், எல்லா வயரையும் நேரடியாகப் பற்றவைத்துவிட்டால் தொல்லையே இல்லையே என்பது அடுத்த மறுப்பு. கேட்கும்போது நியாயமாகவே படும். தீவுகள் இல்லை, படலம் இல்லை, விசையும் தேவையில்லை. ஆனால் உருகிய ஈயம் செம்புச் சரங்களுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு உள்ளே ஏறும், அது நிற்கும் இடத்தில் வயர் திடீரென்று கம்பிபோல் விறைக்கும். அதிர்வில் வளைவெல்லாம் அந்த ஓர் இடத்தில் குவிந்து, சரங்கள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வரும். புல்லட்டில் பற்றவைப்பது பிழைப்பதற்குக் காரணம், விறைத்த பகுதியை ஸ்லீவே தாங்கிப் பிடிப்பதுதான். 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம் விமானங்களுக்குப் பற்றவைக்காத, நசுக்கி இறுக்கும் முனைகளைக் கொண்டுவந்து வளர்ந்ததன் பின்னாலும் இதுவே இருக்கிறது. நன்றாகச் செய்த கிரிம்பில் சரங்களுக்கிடையே வெற்றிடமே மிஞ்சாது, உலோகம் உலோகத்தோடு அழுந்தி நிற்கும். அதாவது கிரிம்பும் விசையின் வெற்றிதான். சரத்தை ஈயத்தில் தோய்த்துவிட்டு ஸ்க்ரூவுக்கடியில் இறுக்குவது தவறு என்பதும் இதிலிருந்தே பிறக்கிறது. ஈயம் அழுத்தத்தில் நாளடைவில் நழுவிக்கொடுக்கும், இறுக்கியவர் கொடுத்த விசை கரைந்துபோகும்.

கிரீஸ் மின்சாரம் கடத்தாது, அதைக் கனெக்டருக்குள் அடைத்தால் பாதை மறிக்காதா என்ற சந்தேகமும் உண்டு. தீவுகளைப் பற்றிய கணக்கு இதற்கும் விடை தருகிறது. மேட்டின் உச்சியில் உள்ள அழுத்தம் உலோகத்தையே நசுக்கும் அளவுக்கு இருக்கிறது, திரவத்தைப் பிதுக்கித் தள்ள அதற்கு ஒரு நொடி போதும். கிரீஸ் தங்கிவிடுவது மீதமுள்ள ஏழாயிரத்தில் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சப் பங்கில், காற்றும் ஈரமும் நுழையாமல் காவலாக. நுண்ணசைவில் புதிதாகத் திறக்கும் உலோகம் உடனே ஆக்சைடாகாமல் தடுப்பதும் அதுவே. வாஸ்லின் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அது எஞ்சின் அறைச் சூட்டில் உருகி ஓடிவிடும், அங்கே சிலிகோன் கிரீஸ் நிற்கும். கிரீஸ் எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். தளர்ந்த ஸ்லீவில் மேடுகளுக்குக் கிரீஸைப் பிதுக்கும் பலம் இருக்காது, அங்கே அது நிஜமாகவே மறிக்கலாம். விசைதான் முதலில், கிரீஸ் அதற்குப் பிறகு.

ரிலே வைத்துவிட்டால் போதுமென்பவர்களின் வாதம் வலுவானது. பேட்டரியிலிருந்து தடித்த வயரை நேரே விளக்குகளுக்குக் கொண்டுபோய், பழைய சுவிட்சுகள் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கும்படி செய்தால், 10 ஆம்பியர் ஓடிய வழியில் ஆம்பியரின் ஒரு சிறு பின்னமே ஓடும். சுவிட்சின் ஆயுள் கூடும், விளக்கு பிரகாசிக்கும். இதில் மறுக்க ஏதுமில்லை. ஆனால் ரிலே பழைய இணைப்புகளைக் குணப்படுத்துவதில்லை, அவற்றின் சுமையைத்தான் குறைக்கிறது. கூடவே புதிதாகச் சில தொடுமிடங்களைச் சேர்க்கிறது, எர்த் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது. இணைப்புகளைச் சரிசெய்து அளந்த பிறகும் இழப்பு மிஞ்சினால் ரிலே வைப்பது அறிவார்ந்த முடிவு. அளக்காமலே வைப்பது நோயை மறைக்கும் மருந்து.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு பழமையைக் காப்பவர்களுடையது. ஐம்பது அறுபது வருடம் தாங்கிய ஸ்லீவைத் தூக்கிப்போட்டுப் புதிது வைத்தால் கார் அசல்தன்மையை இழக்காதா? பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனம் 2012இல் உருவானது, அது இயன்றவரை பழையதைக் காக்கச் சொல்கிறது. அதே சாசனம் வாகனம் இயங்கும் நிலையில் இருப்பதையும் மதிக்கிறது. ஸ்லீவும் புல்லட்டும் பிரேக் லைனிங் போலத் தேய்வதற்கென்றே உள்ளவை, அதே வடிவில் அதே அளவில் மாற்றினால் வரலாற்றுக்கு நட்டமில்லை, நாளை ஒருவர் திரும்ப மாற்றவும் தடையில்லை. வயரைச் சூட்டில் உருக்கி ஹார்னஸை எரிப்பதுதான் திரும்பப் பெற முடியாத இழப்பு. மாற்றுக் கிடைக்காத இடங்கள், டிம் சுவிட்சின் உள்முனை, டாஷ்போர்டு மீட்டர்களின் பின்திருகு போன்றவை, வேறு கதை. அங்கே கண்ணாடி இழைப் பென்சிலால் மெதுவாகத் துடைத்து, வெள்ளீயம் எஞ்சியிருந்தால் அதைத் தொடாமல், கிரீஸ் பூசி, வருடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டிருப்பதே வழி.

இப்போது லூகாஸ் வழக்குக்குத் தீர்ப்பு எழுதலாம். 1961இல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து சென்னையில் லூகாஸ் டிவிஎஸ் என்ற பெயரில் வேரூன்றிய அந்த நிறுவனத்தின் சாமான்களில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பித்தளை ஸ்லீவை உப்பும் ஈரமும் தெறிக்கும் முன்பக்கத்தில் திறந்தபடி வைத்தது வடிவமைப்பின் பலவீனம்தான். இன்றைய கார்களில் ரப்பர் வளையம் வைத்து மூடிய கனெக்டர்கள் வந்திருப்பதே அந்தப் பலவீனத்துக்கு ஒப்புதல். ஆனால் சில வருடங்கள் ஓடட்டும் என்று செய்த பொருள் அரை நூற்றாண்டுக்குப் பிறகு விறைப்பை இழந்ததற்குச் செய்தவரைப் பழிப்பதில் நியாயமில்லை. எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் பித்தளை தளர்ந்திருக்கும், வெள்ளீயம் தூளாகியிருக்கும். கெட்டுப்போவது இயற்கையின் வேலை, கெட்டதைப் புரிந்துகொண்டு சரிசெய்வது நம் வேலை. புரிந்து செய்தோமா என்பதற்கு ஒரு தேர்வு உண்டு, வேலை முடிந்த அன்று விளக்கு பளிச்சென்று எரிவது அந்தத் தேர்வில் சேராது. ஒவ்வோர் இணைப்பின் வோல்டேஜ் இழப்பையும் சரிசெய்யும் முன்பும் பின்பும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் மறுபடி அளக்க வேண்டும். எமரியால் வந்த எண் ஏறியிருக்கும். விசையால் வந்த எண் இருந்த இடத்திலேயே இருக்கும்.